காவலாளியைக் காவல் செய்வது யார்?



'இராணுவப் புலனாய்வு' என்ற சொல்லைக் கண்டதும், இது ஆண்கள் பேசும் அரசியல் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். ஒரு நாட்டின் இரகசியப் பிரிவு தன் எல்லையை மீறும்போது, அதன் சுமை முதலில் வந்து விழுவது குடும்பத்தின் மீதுதான். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டு, வீட்டின் ஆண்மகன் அழைத்துச் செல்லப்பட்டால், மறுநாள் காலையில் அவனது புகைப்படத்தை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையம், சிறைச்சாலை, முகாம், நீதிமன்றம் என்று அலைவது யார்? தாயும் மனைவியும் சகோதரியும்தான். எனவே இந்த விடயத்தைப் பெண்களாகிய நாம் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

தேவையில்லை என்று யார் சொன்னது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். புலனாய்வுப் பிரிவு இல்லாமல் எந்த நாடும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. எதிரியின் படை எங்கே நிற்கிறது, அவனிடம் என்ன ஆயுதம் இருக்கிறது, தன் படைக்குள்ளேயே அந்நிய உளவாளி எவரும் நுழைந்திருக்கிறாரா, எங்கே தாக்குதல் நடக்கப்போகிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே அறிந்து சொல்வதுதான் இராணுவப் புலனாய்வின் வேலை. 2014 டிசம்பர் 16ஆம் திகதி பாகிஸ்தானின் பெஷாவர் நகரில் ஒரு பாடசாலைக்குள் ஆயுததாரிகள் புகுந்தார்கள். 140க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்; அவர்களுள் பெரும்பாலானோர் பாடசாலைப் பிள்ளைகள். அன்று காலையில் பிள்ளைக்குச் சீருடை அணிவித்து அனுப்பிய எந்தத் தாயும் 'புலனாய்வு தேவையில்லை' என்று சொல்ல மாட்டாள்.

கேள்வி அதுவல்ல. நாம் வீட்டுக்கு ஒரு காவலாளியை அமர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாம் உறங்கும்போது அவன் விழித்திருக்கிறான். சாவி எங்கே இருக்கிறது, யார் எத்தனை மணிக்கு வருகிறார், யார் போகிறார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இத்தனையும் தெரிந்த ஒருவனிடம், 'எந்த அறைக்குள் நீ நுழையக்கூடாது' என்று சொல்லி வைக்க வேண்டாமா? அவன் கையில் வேறு எவருடைய பணம் புரள்கிறது என்று கேட்க வேண்டாமா? கேட்காவிட்டால் என்ன நடக்கும்? சில காலம் சென்றபின் வீட்டுக்கு எசமான் யார் என்பதே சந்தேகமாகிவிடும்.

இதற்கு உதாரணமாகப் பாகிஸ்தானை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டை இழிவுபடுத்துவது நமது நோக்கமல்ல. நடந்தவை அந்நாட்டின் உயர் நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்பட்டு, தீர்ப்பாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதே காரணம்.

1948இல் பிறந்த அமைப்பு

பாகிஸ்தான் உருவான சில மாதங்களிலேயே காஷ்மீரில் யுத்தம் மூண்டது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தாம் அறிந்த தகவல்களை ஒன்றுடன் ஒன்று சரிவரப் பகிர்ந்துகொள்ளவில்லை என்பது அந்த யுத்தத்தில் வெளிப்பட்டது. இக்குறையைப் போக்கவே 1948இல் 'ஐ.எஸ்.ஐ' எனப்படும் முப்படைகளுக்குமான புலனாய்வு அமைப்பு தொடங்கப்பட்டது. அதை அமைத்தவர் அன்று பாகிஸ்தான் இராணுவத்தில் பணியாற்றிய, அவுஸ்திரேலியாவில் பிறந்த மேஜர் ஜெனரல் கோதோர்ன் என்பவராவார். தரைப்படைக்கெனத் தனியான புலனாய்வுப் பிரிவும் அந்நாட்டில் உண்டு.

ஆக, ஆரம்ப நோக்கம் வெளியிலிருந்து வரும் ஆபத்தை அறிவதே. பார்வை உள்ளே திரும்பியது எப்படி?

இங்கேதான் வரலாறு ஒரு பெரிய பாடத்தை வைத்திருக்கிறது. 1975இல் அன்றைய பிரதமர் சுல்பிகார் அலி பூட்டோவின் அரசு, ஐ.எஸ்.ஐக்குள் அரசியலைக் கவனிக்கும் ஒரு தனிப் பிரிவை நிர்வாக உத்தரவொன்றின் மூலம் ஏற்படுத்தியதாக அறியப்படுகிறது. அவர் இராணுவ ஆட்சியாளர் அல்லர். மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த தலைவர். எதிர்க்கட்சியினரைக் கவனிப்பதற்கு அது உதவும் என்று அவரது அரசு எண்ணியிருக்கலாம். ஆனால் 1977இல் இராணுவத் தளபதி ஸியாவுல் ஹக் அவரது ஆட்சியைக் கவிழ்த்தார். 1979இல் பூட்டோ தூக்கிலிடப்பட்டார். ஆட்சியாளர்கள் மாறினார்கள், ஐ.எஸ்.ஐயின் அரசியல் வேலை மட்டும் நிற்கவில்லை.

1988இல் பூட்டோவின் மகள் பெனாஸிர் தேர்தலில் போட்டியிட்டார். அவரது கட்சிக்கு எதிராக 'இஸ்லாமிய ஜனநாயகக் கூட்டணி' என்றொரு கூட்டு உருவானது. அதை உருவாக்குவதில் தமக்குப் பங்கிருந்ததை அப்போதைய ஐ.எஸ்.ஐ தலைவர் ஹமீத் குல் பின்னாளில் தாமே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஆம் சகோதரிகளே, தந்தையின் அரசு பிறரைக் கவனிக்கத் திறந்து வைத்த கண், மகளைக் கவனிக்கத் திரும்பியது. தன் எதிரிக்கு எதிராகத்தானே என்று எண்ணி எவர் சட்டமில்லாத ஓர் அதிகாரத்தை வளர்க்கிறாரோ, அது நாளை அவரது குடும்பத்தின் வாசலுக்கே வரலாம்.

பதினான்கு கோடி ரூபா

அத்தனை தடைகளையும் மீறி 1988 டிசம்பரில் பெனாஸிர் பிரதமரானார். முஸ்லிம் நாடொன்றின் முதலாவது பெண் பிரதமர் என்று உலகம் அவரைப் பேசியது. ஆனால் 1990 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஜனாதிபதி குலாம் இஸ்ஹாக் கான் அவரது அரசைக் கலைத்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் பொதுத் தேர்தல் நடந்தது. பெனாஸிர் தோற்றார். நவாஸ் ஷரீப் பிரதமரானார்.

அந்தத் தேர்தலின் பின்னால் என்ன நடந்தது என்பது வருடங்கள் சென்ற பின்னரே வெளிவந்தது. 1996 ஜூனில் உள்துறை அமைச்சர் நஸீருல்லாஹ் பாபர் பாராளுமன்றத்தில் அதைப் போட்டு உடைத்தார். பெனாஸிரின் கட்சியைத் தோற்கடிப்பதற்காக யூனுஸ் ஹபீப் என்ற வங்கியாளர் மூலம் 14 கோடி ரூபா திரட்டப்பட்டது. அதில் ஒரு பகுதி ஐ.எஸ்.ஐ ஊடாக அரசியல்வாதிகளுக்குப் பங்கிடப்பட்டது என்பதே விடயம். பணத்தைப் பங்கிட்டதை அப்போதைய ஐ.எஸ்.ஐ தலைவர் அஸத் துர்ரானியே சத்தியக் கடதாசியில் ஒப்புக்கொண்டிருந்தார். இராணுவத் தளபதியாயிருந்த மிர்ஸா அஸ்லம் பேக்கின் அறிவுறுத்தலின்படியே தாம் செய்ததாக அவர் கூறினார்.

இதைக் கேட்டுச் சும்மா இருக்காத ஒருவர் இருந்தார். அவர் எயார் மார்ஷல் அஸ்கர் கான். பாகிஸ்தான் விமானப்படைக்குத் தலைமை தாங்கிய முதலாவது பாகிஸ்தானியர். ஓய்வு பெற்ற அந்தப் படைத்தளபதி, அப்போது 75 வயதில், பிரதம நீதியரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது.

படைவீரர் ஒருவரே படையின் தவறைக் கேள்வி கேட்டார் என்பதைக் கவனியுங்கள். 'இராணுவத்தைக் கேள்வி கேட்பது தேசத்துரோகம்' என்று சொல்வோருக்கு அவரது வாழ்க்கையே பதில்.

தீர்ப்பு வந்தது... பிறகு?

விசாரணை ஆரம்பமாகியது, பின்னர் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடப்பட்டது. 1999இல் ஜெனரல் முஷர்ரப் ஆட்சியைக் கைப்பற்றினார். அவரது ஆட்சி வந்து போன பின்னரே, 2012இல் வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி பிரதம நீதியரசர் இப்திகார் சவுத்ரி தலைமையிலான குழு தீர்ப்பளித்தது. 1990ஆம் ஆண்டுத் தேர்தல் களங்கப்படுத்தப்பட்டது. ஜனாதிபதி இஸ்ஹாக் கான், தளபதி அஸ்லம் பேக், துர்ரானி ஆகியோர் அரசியலமைப்பை மீறி நடந்தனர். அரசாங்கம் அவர்கள் தொடர்பில் சட்ட நடவடிக்கை எடுக்க வேண்டும். பணம் பெற்றோர் விசாரிக்கப்பட வேண்டும். அரசியல் பிரிவு ஏதும் இருந்தால் அது மூடப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

நாட்டின் அதியுயர் நீதிமன்றம் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பின் என்ன நடந்திருக்க வேண்டும்? என்ன நடந்தது தெரியுமா? ஆண்டுகள் உருண்டன. தளபதிகளின் மீளாய்வு மனுக்களை 2018 மே மாதத்தில் நீதிமன்றம் நிராகரித்தது. அவ்வாண்டு முடியும் தறுவாயில், வழக்கை முன்கொண்டு செல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று விசாரணைப் பிரிவினர் நீதிமன்றத்திடம் தெரிவித்தனர். அஸ்கர் கான் அதற்கு முன்னரே, 2018 ஜனவரியில், தமது 96ஆவது வயதில் காலமாகியிருந்தார். குலாம் இஸ்ஹாக் கானும் உயிருடன் இல்லை. பெனாஸிர் 2007இலேயே கொல்லப்பட்டுவிட்டார்.

தேர்தல் நடந்து 22 வருடங்களுக்குப் பின்னர் ஒரு தீர்ப்பு. குற்றம் நடந்தது உண்மை. குற்றவாளி என்று எவரும் சிறை செல்லவில்லை. இதை மேற்பார்வை என்று சொல்லலாமா? களவு போன பின் காவல் நிலையத்தில் எழுதி வைக்கும் முறைப்பாட்டைப் போன்றதுதான் இது. மேற்பார்வை என்பது கதவு திறக்கப்படும் முன்னரே இருக்க வேண்டிய பூட்டு.

கோடு கிழிக்கப்படவில்லை

இந்தப் பூட்டு ஏன் இருக்கவில்லை? ஐ.எஸ்.ஐ என்ற அமைப்புக்கென்று, அதன் வேலை இன்னது, எல்லை இன்னது என்று வரையறுத்துப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டம் இருக்கவில்லை. எழுத்தளவில் அது பிரதமருக்குக் கட்டுப்பட்டது. ஆனால் அதன் தலைவர் பதவியிலுள்ள ஓர் இராணுவ ஜெனரல். அவரது பதவி உயர்வும் இடமாற்றமும் இராணுவத் தளபதியின் கையில். ஒருவருக்கு இரு எசமானர்கள் இருந்தால், சம்பளமும் பதவியும் தருபவரின் சொல்லைத்தானே அவர் கேட்பார்?

இதை மாற்ற முயற்சிகள் நடக்காமலில்லை. 2008 ஜூலையில் அரசாங்கம் ஐ.எஸ்.ஐயை உள்துறை அமைச்சின் கீழ் கொண்டுவருவதாக அறிவித்தது. ஒரு நாள் முடிவதற்குள் அந்த அறிவித்தல் திரும்பப் பெறப்பட்டது! 2012இல் செனட் உறுப்பினர் பர்ஹதுல்லாஹ் பாபர், ஐ.எஸ்.ஐயைப் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வைக்கும் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் வாபஸ் பெறப்பட்டது. 2021 ஒக்டோபரில் புதிய தலைவரை நியமிப்பதில் பிரதமர் இம்ரான் கானுக்கும் இராணுவத் தளபதிக்கும் இடையே இழுபறி ஏற்பட்டு, நியமனம் ஏறத்தாழ மூன்று வாரங்கள் தாமதமானது. இராணுவம் அறிவித்த அதே ஜெனரல்தான் இறுதியில் நியமனம் பெற்றார்.

அப்போது பதவி விலகிச் சென்ற முன்னாள் தலைவர் பைஸ் ஹமீத், 2024 ஆகஸ்டில் இராணுவத்தினாலேயே கைது செய்யப்பட்டு இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். இது பெரிய மாற்றமல்லவா என்று நீங்கள் கேட்கலாம். விசாரித்தது யார் என்று பாருங்கள். மக்கள் தெரிவு செய்த பாராளுமன்றமுமல்ல, கதவு திறந்திருக்கும் பொது நீதிமன்றமுமல்ல. படை தன்னைத் தானே, மூடிய கதவுக்குள் விசாரித்துக்கொண்டது.

நீதிமன்ற வாசலில் பெண்கள்

தேர்தலில் பணம் கைமாறியது தலைவர்களின் கதை. இனிக் குடும்பங்களின் கதைக்கு வருவோம்.

ராவல்பிண்டியைச் சேர்ந்த மஸ்ஊத் ஜன்ஜூஆ 2005 ஜூலை 30ஆம் திகதி பெஷாவருக்கென்று வீட்டிலிருந்து புறப்பட்டார். அவர் போய்ச் சேரவில்லை; திரும்பி வரவுமில்லை. புலனாய்வுப் பிரிவினரே அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவரது மனைவி ஆமினா மஸ்ஊத் குற்றஞ்சாட்டினார். அதிகாரிகள் அதை மறுத்தனர். ஆமினா அழுதுகொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கவில்லை. அவரைப் போலவே தேடித் திரிந்த மற்றைய மனைவியரையும் தாய்மாரையும் ஒன்று சேர்த்தார். காணாமல் போனோருக்கான ஓர் அமைப்பை உருவாக்கினார். ஒவ்வொரு பெயரையும் எழுதிப் பட்டியலிட்டு, உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். பர்தா அணிந்த ஒரு குடும்பப் பெண், கையில் கணவனின் படத்துடன் ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற வாசலில் நின்றதை அந்நாடு முழுவதும் கண்டது.

நீதிமன்றம் செவிசாய்த்தது. காணாமல் போனோர் சிலர் கண்டுபிடிக்கப்பட்டு வீடு திரும்பினர். ஆனால் 2007 நவம்பரில் முஷர்ரப் அவசர நிலையைப் பிரகடனப்படுத்தி நீதியரசர்களைப் பதவியிலிருந்து அகற்றியபோது, சந்தேகநபர்களை நீதிமன்றம் விடுவிக்கிறது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டினார். கேள்வி கேட்ட நீதிமன்றத்துக்கே அந்தக் கதி.

இன்னொரு வழக்கையும் கேளுங்கள். 2010இல், விடுதலை செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்த 11 பேர் ராவல்பிண்டி அடியாலா சிறைச்சாலையிலிருந்து காணாமற் போயினர். பின்னர் அவர்கள் புலனாய்வுப் பிரிவினரின் கையில் இருப்பது தெரியவந்தது. 2012 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதன் பேரில் எஞ்சியிருந்த ஏழு பேர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். நடக்கவும் இயலாத நிலையில் அவர்களுள் சிலர் இருந்தனர். மற்றைய நால்வர் உயிருடன் இல்லை. அந்தப் பதினொருவருள் மூவர் ஒரே தாயின் பிள்ளைகள். அத்தாய் நீதிமன்றத்துக்கு வந்தபோது அவருக்குக் காட்டப்பட்டவர்கள் இருவர் மட்டுமே.

அவர்கள் குற்றவாளிகளா, நிரபராதிகளா? நமக்குத் தெரியாது. தெரிந்து சொல்ல வேண்டியது நீதிமன்றம். அதற்காகத்தானே நீதிமன்றம் இருக்கிறது? காணாமல் போனதாகச் சொல்லப்படுவோருள் பலர் தாமாகவே ஆயுதக் குழுக்களில் சேர்ந்தவர்கள் என்று அதிகாரிகள் கூறுவதுண்டு. அப்படிச் சிலர் இருக்கலாம். இருந்தாலும், பிடித்தவர் எவரானாலும் அவரை நீதிபதி முன் கொண்டுவந்து, குற்றத்தை நிரூபித்துத் தண்டிப்பதற்கு என்ன தடை?

2011இல் காணாமல் போனோரை விசாரிக்க அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதற்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன. ஆனால் பொறுப்பாளி ஒருவரையேனும் அது சட்டத்தின் முன் நிறுத்தவில்லை என்று சர்வதேச நீதிமான்கள் ஆணைக்குழு 2020இல் கண்டித்தது. பின்னர், ஒருவரை வலிந்து காணாமல் ஆக்குவதைக் குற்றமாக்கும் சட்டமூலம் 2021 நவம்பரில் தேசிய சபையில் நிறைவேறியது. மேற்சபையான செனட்டுக்கு அனுப்பிய அந்தச் சட்டமூலத்தையே காணவில்லை என்று, 2022 ஜனவரியில் மனித உரிமைகள் அமைச்சராக இருந்த ஷிரீன் மஸாரி என்ற பெண்மணி சொன்னார். காணாமல் போனோர் பற்றிய சட்டமூலமும் காணாமல் போயிற்று! சிரிப்பதா, அழுவதா?

நீதிபதிகள்தாம் பாதுகாப்பாக இருக்கிறார்களா? 2024 மார்ச்சில் இஸ்லாமாபாத் மேல் நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள், புலனாய்வுப் பிரிவினர் வழக்குகளில் தலையிட்டு, உறவினர்கள் மூலமாகவும் அழுத்தம் கொடுப்பதாக உயர் நீதிச் சபைக்குக் கடிதம் எழுதினர். ஒரு நீதிபதியின் வீட்டில், படுக்கையறையிலும்கூட, இரகசியக் கெமரா கண்டுபிடிக்கப்பட்டதாக அக்கடிதம் கூறியது. நீதிபதியின் வீட்டுப் பெண்களுக்கே அந்தரங்கம் இல்லையென்றால், சாதாரண வீட்டுப் பெண்ணின் நிலை என்ன?

நமது மார்க்கம் இதில் வைத்திருக்கும் வேறுபாடு நுட்பமானது. அகழ் யுத்தத்தின்போது எதிரியின் பாசறையை அறிந்துவர ஹுதைபா (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அதேவேளை, மனிதர்களின் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதை சூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. எதிரிப் படையை வேவு பார்ப்பது வேறு. சொந்த மக்களின் சுவருக்குள் எட்டிப் பார்ப்பது வேறு. இஸ்லாமியக் குடியரசு என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு நாட்டில் இந்த வேறுபாடு மறக்கப்பட்டதுதான் வேதனை.

ஒரு பெண்ணின் வீடும் ஓர் அமைச்சரின் பதவியும்

எல்லா நாட்டிலும் இதே கதைதான் என்று எவராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஜேர்மனியில் எம்.ஏ.டி என்ற இராணுவப் புலனாய்வு அமைப்பு 1956 முதல் இருக்கிறது. தவறு அங்கும் நடந்தது. பாதுகாப்பு அமைச்சராயிருந்த கியோர்க் லேபரின் செயலாளரான ஒரு பெண்மணியின் வீட்டில், அவர் உளவாளியாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில், அந்த அமைப்பு சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்தியது. முதலில் அமைச்சருக்கே அது தெரியாது. விடயம் வெளிப்பட்டதும், 1978 பெப்ரவரியில் அமைச்சர் லேபர் பதவி துறந்தார்.

ஒரு பெண்ணின் வீட்டில் வைத்த ஒட்டுக்கேட்கும் கருவிக்காக ஓர் அமைச்சர் போனார்! அதே ஆண்டு ஏப்ரலில், இரகசியச் சேவைகளைக் கண்காணிக்கும் பாராளுமன்றக் குழுவொன்று சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. 1990இல் எம்.ஏ.டியின் வேலையும் எல்லையும் தனிச் சட்டமாக எழுதப்பட்டன. 2009இல் அந்தப் பாராளுமன்றக் குழு அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. அமைப்புக்குள் பணிபுரிபவரே தவறைக் கண்டால் நேரடியாக அக்குழுவிடம் சொல்லவும் வழியுண்டு. இதனால் ஜேர்மனியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. தவறு நடந்தால் கேட்பதற்கு ஓரிடம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பெயரை மாற்றினால் போதும் என்று எண்ணுவோருக்குத் தென்கொரியா ஒரு பாடம். அங்கே இராணுவப் புலனாய்வுப் பிரிவு பொதுமக்களை வேவு பார்த்ததை 1990இல் ஒரு சாதாரண படைவீரர் அம்பலப்படுத்தினார். அடுத்த ஆண்டு அதன் பெயர் மாற்றப்பட்டது. 2014 ஏப்ரல் 16ஆம் திகதி 'செவோல்' என்ற கப்பல் மூழ்கியது. 304 பேர் இறந்தனர்; அவர்களுள் பெரும்பாலானோர் பாடசாலைச் சுற்றுலா சென்ற மாணவர்கள். பிள்ளைகளின் உடல்களுக்காகத் துறைமுக ஊரில் காத்துக்கிடந்த பெற்றோரை அதே பிரிவு இரகசியமாக வேவு பார்த்து அறிக்கை எழுதியது! இது 2018இல் வெளியானபோது அமைப்பு கலைக்கப்பட்டு, வேறு பெயரில் ஆரம்பிக்கப்பட்டது. 2022இல் மீண்டும் ஒரு பெயர் மாற்றம். 2024 டிசம்பர் 3ஆம் திகதி இரவு ஜனாதிபதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தபோது, இந்தப் பிரிவினரும் களத்தில் இறக்கப்பட்டார்கள். பெயர்ப்பலகை மாறினால் பழக்கம் மாறுமா?

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த நாட்டிலாயினும் இரகசியப் பிரிவு ஒன்றைப் பற்றிப் பேச்சு வரும்போது, 'வேண்டுமா, வேண்டாமா' என்று வாதாடுவதில் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

ஒன்று, அதன் வேலையும் எல்லையும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? கோடே கிழிக்காவிட்டால் கோட்டைத் தாண்டினான் என்று எவரையும் பிடிக்க முடியாது.

இரண்டு, அதன் பணத்தை யார் கணக்குப் பார்க்கிறார்? பதினான்கு கோடி ரூபா ஒரு தேர்தலையே களங்கப்படுத்தியது, கணக்குக் கேட்க எவரும் இல்லாததால்தான். பகிரங்கமாக முடியாவிட்டாலும், சத்தியம் செய்த சிலர் மூடிய அறையிலாவது அந்தக் கணக்கைப் பார்த்தாக வேண்டும்.

மூன்று, மக்கள் பிரதிநிதிகள் குழுவொன்று, எதிர்க்கட்சியினரும் அடங்கலாக, அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்க முடிகிறதா?

நான்கு, பிடிக்கப்பட்ட ஒவ்வொருவரும் குறித்த நேரத்துக்குள் நீதிபதியின் முன் கொண்டுவரப்படுகிறாரா? ஒரு தாய் 'என் பிள்ளை எங்கே?' என்று கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரி பெயருடன் இருக்கிறாரா?

ஐந்து, உள்ளே இருந்து உண்மையைச் சொல்பவருக்குப் பாதுகாப்பு உண்டா? கொரியாவில் ஒரு படைவீரர் பேசியிராவிட்டால் எதுவுமே வெளிவந்திராது.

இவற்றுள் எதுவும் நாட்டின் பாதுகாப்பைப் பலவீனப்படுத்தாது. மாறாக, தேர்தலுக்குப் பணம் பங்கிடுவதிலும் நீதிபதியின் படுக்கையறையைப் பார்ப்பதிலும் வீணாகும் நேரத்தை, பிள்ளைகளின் பாடசாலையைக் காப்பதில் செலவிடச் செய்யும். காவலாளியின் கண் வீட்டுக்குள்ளேயே சுழன்றுகொண்டிருந்தால் வாசலைப் பார்ப்பது யார்?

சகோதரிகளே! உங்கள் பிள்ளைகள் நாளை அதிகாரிகளாக, படைவீரர்களாக, சட்டத்தரணிகளாக, பாராளுமன்ற உறுப்பினர்களாக வரலாம். அதிகாரம் என்பது அமானிதம், அமானிதத்துக்குக் கணக்குண்டு என்பதை அவர்கள் உங்கள் மடியில்தான் முதலில் கற்க வேண்டும். அஸ்கர் கான் எழுதியது ஒரு கடிதம்தான். ஆமினா தொடங்கி வைத்தது ஒரு பெயர்ப் பட்டியல்தான். இருவருக்கும் முழுமையான நீதி கிடைக்கவில்லை. ஆனால் நடந்தது நடக்கவில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாதபடி அவர்கள் செய்துவிட்டார்கள். பூட்டுப் போடுவது இனி வருபவர்களின் கடமை.